அரசு ஒப்பந்தங்களில் செலவுச் சேமிப்பைப் பங்கிடுதல்: கம்பம் பள்ளத்தாக்குப் பாசனப் பணிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அரசுப் பணியொன்றைக் குறைந்த செலவில் முடிக்கும் வழியை ஒப்பந்ததாரர் கண்டறிந்து கூறினால், அதனால் மிஞ்சும் தொகை யாருக்கு உரியது? முழுவதும் அரசுக்கே எனில், அவ்வழியைக் கூற ஒப்பந்ததாரருக்குக் காரணமில்லை. முழுவதும் ஒப்பந்ததாரருக்கே எனில், பொதுப்பணத்திற்குப் பயனில்லை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே அமைந்ததே சேமிப்பைப் பங்கிடும் முறை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வாய்க்கால் பணிகளைக் களமாகக் கொண்டு, இம்முறையின் அடிப்படை, கணக்கீடு, சட்ட இடம், இடர்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டுமானச் செலவில் ஏற்படும் குறைவை மட்டும் சேமிப்பாகக் கொண்டால் அதன் இழப்பு கடைமடை உழவரிடம் சென்று சேரும் என்பதும், பயனாளியின் இழப்பைக் கழித்த பின் எஞ்சுவதே பங்கிடத்தக்க சேமிப்பு என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

முதன்மைச் சொற்கள்: ஒப்பந்தப்புள்ளி, உருப்படி விகித ஒப்பந்தம், மதிப்புப் பொறியியல், ஆயக்கட்டு, கடைமடை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கில் பொதுப்பணி பற்றிய நினைவு என்றால் அது பென்னிகுயிக் பற்றிய நினைவுதான். ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளான சனவரி 15 அன்று, தைப்பொங்கலை ஒட்டி, பள்ளத்தாக்கின் ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைக்கப்படுகிறது. 2013இல் லோயர் கேம்பில் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. திட்டச் செலவு கைமீறியபோது தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. அதன் ஆவண அடிப்படை குறித்து விவாதம் உண்டு. அந்த விவாதம் எவ்வாறு முடியினும், அச்செய்தி உணர்த்தும் கேள்வி பொருட்படுத்தத்தக்கது: பொதுப்பணியில் செலவு மிகுந்தால் அதை யார் சுமப்பது?

இதே கேள்விக்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. செலவு குறைந்தால் அக்குறைவின் பயன் யாருக்கு? முதற்கேள்விக்கு நம் ஒப்பந்த நடைமுறையில் விரிவான விடைகள் உள்ளன. விலை உயர்வுக்கான ஈடு, கூடுதல் உருப்படிகளுக்கான அனுமதி, காலநீட்டிப்பு, தாமத அபராதம் எனப் பல விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் கேள்விக்கோ பெரும்பாலான ஆவணங்களில் விடையில்லை. அவ்விடைக்கான தேடலே இக்கட்டுரை.

கள அறிமுகம்

பெரியாற்று நீரை மலையின் மேற்குச் சரிவிலிருந்து சுரங்கவழியாகக் கிழக்கே திருப்பும் திட்டத்திற்காக 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமத்தானத்திற்கும் அன்றைய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் தொடங்கிய பணி 1895இல் நிறைவெய்தியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்த இவ்வணையின் கட்டுமானத்தில் மதராஸ் பயனீர்ஸ் படைப்பிரிவினர் ஈடுபடுத்தப்பட்டனர். வெள்ளமும் காய்ச்சலும் மிகுந்த காட்டில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்படும் அபாயத்தின் நடுவே, எதிர்பாராத இழப்பு பெரும்பாலும் அரசின் கணக்கிலேயே விழுந்தது. எந்த இடரை முன்கூட்டியே விலையாக்க முடியாதோ, அந்த இடரைத் தனி ஒப்பந்ததாரர் ஒருவர் நியாயமான விலைக்கு ஏற்கமாட்டார் என்பது இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம்.

இன்று பள்ளத்தாக்கில் நடைபெறும் பாசனப் பணிகள் அத்தகையன அல்ல. முல்லையாற்றுப் பாசனத்தில் பதினேழு வாய்க்கால்கள் பழையன. அதன்பின் வந்தமையால்தான் பதினெட்டாம் கால்வாய்க்கு அப்பெயர் வாய்த்தது. இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். அதில் உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கரும், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கரும், போடிநாயக்கனூர் வட்டத்தில் 488 ஏக்கரும் அடங்கும். பதினெட்டாம் கால்வாயின் ஆயக்கட்டு 4,614.25 ஏக்கர். பி.டி.ஆர். கால்வாய், தந்தை பெரியார் கால்வாய் ஆகியவற்றின் ஆயக்கட்டு 5,146 ஏக்கர். இவற்றில் கரையைப் பலப்படுத்துதல், உட்பரப்பிற்குக் கல் அல்லது கான்கிரீட் பூச்சிடுதல், மதகுகளையும் மடைகளையும் சீரமைத்தல், தூர்வாருதல் ஆகியவை திரும்பத் திரும்ப நிகழும் பணிகள். இவற்றின் இடர்கள் பெரிதும் அறியப்பட்டவை. ஆகவே இங்கே சேமிப்பு பற்றிய வினாவை எழுப்புதல் பொருத்தமாகும்.

இப்பணிகளுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. இருபோக நிலங்களுக்குப் பெரியாற்று அணையிலிருந்து வழக்கமாக ஜூன் முதல் நாளில் நீர் திறக்கப்படுகிறது. இரு போகமும் முடிந்து வாய்க்கால் வறண்டு கிடக்கும் கோடைக்காலச் சில வாரங்களே கட்டுமானத்திற்கு வாய்க்கும். இக்காலநெருக்கடி பின்னர் எடுத்துரைக்கப்படும் வாதத்திற்கு இன்றியமையாதது.

உருப்படி விகித ஒப்பந்தமும் அதன் உள்முரணும்

பாசனப் பணிகள் பெரும்பாலும் உருப்படி விகித அடிப்படையில் நடைபெறுகின்றன. துறைப் பொறியாளர் வடிவமைப்பையும் மதிப்பீட்டையும் ஆயத்தம் செய்கிறார். மண் தோண்டுதல் இத்தனை கனமீட்டர், கான்கிரீட் இத்தனை கனமீட்டர், கல் கட்டுமானம் இத்தனை கனமீட்டர் என அளவுப் பட்டியல் அமைகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தத்தில் விகிதம் உண்டு. பணி நடக்கையில் உதவிப் பொறியாளர் அளவுகளை அளவுப் புத்தகத்தில் பதிகிறார். பதிவான அளவை விகிதத்தால் பெருக்கிவரும் தொகையே பட்டியல் தொகை.

இம்முறையில் அரசுக்கு ஒரு நன்மை உண்டு. செய்த வேலைக்கு மட்டுமே பணம். அதே வேளையில் ஓர் உள்முரணும் உண்டு. ஒப்பந்ததாரரின் இலாபம் அளவோடு இணைந்தது. அளவு கூடினால் இலாபம் கூடும், குறைந்தால் குறையும். எடுத்துக்காட்டாக, ஒரு வாய்க்கால் பணியின் ஒப்பந்த மதிப்பு 2 கோடி ரூபாய் எனவும் ஒப்பந்ததாரரின் இலாபம் 10 விழுக்காடு எனவும் கொள்வோம். 30 இலட்சம் ரூபாயை மிச்சப்படுத்தும் மாற்று வடிவமைப்பு ஒன்று அவருக்குத் தோன்றுகிறது. அதை அவர் எழுத்தில் முன்வைத்து அரசும் ஏற்றுக்கொண்டால், அவருடைய பட்டியல் தொகை 30 இலட்சம் குறையும். இலாபத்தில் 3 இலட்சம் குறையும். மண் பரிசோதனை, வரைபடம், கணக்கீடு ஆகியவற்றிற்கு ஒரு இலட்சம் செலவு எனில், நல்ல யோசனை கூறியதற்காக அவர் 4 இலட்சம் இழக்கிறார். இந்நிலையில் அவர் வாய் திறக்கமாட்டார். இது ஒழுக்கக் குறைபாடு அன்று. ஒப்பந்தம் அவ்வாறு எழுதப்பட்டிருப்பதன் விளைவு.

சேமிப்பில் ஒரு பங்கு அவருக்கு உண்டு என விதி இருந்தால் கணக்கு மாறும். அப்பங்கு மேற்கண்ட 4 இலட்சத்தை மிஞ்ச வேண்டும் என்பதே அதன் குறைந்தபட்ச எல்லை. இவ்வெல்லைக்குக் கீழான பங்கை அறிவிப்பது விதியை ஏட்டுச் சுரைக்காயாக்கும்.

நால்வகைச் சேமிப்பு

'சேமிப்பு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவன உண்மையில் நான்கு. இவற்றைப் பிரித்தறியாமையே இத்துறையில் நிகழும் குழப்பங்களுக்கு மூலகாரணம்.

முதலாவது, திறமைச் சேமிப்பு. வடிவமைப்பும் தரமும் மாறாதிருக்க, நல்ல இயந்திரம், முறையான ஆள்வகுப்பு, மலிவான போக்குவரத்து ஆகியவற்றால் ஒப்பந்ததாரர் தம் செலவைக் குறைத்துக்கொள்வது. இது முழுவதும் அவருக்கே உரியது. போட்டியில் அவர் விலையைக் குறைத்துக் கேட்டபோதே இதன் ஒரு பகுதி அரசுக்கு வந்துசேர்ந்துவிட்டது.

இரண்டாவது, அளவுச் சேமிப்பு. மதிப்பீட்டில் 1,000 கனமீட்டர் பாறை வெட்டுதல் எனக் குறித்திருக்க, தோண்டிப் பார்க்கையில் 600 கனமீட்டரே பாறை எனத் தெரிகிறது. எஞ்சிய தொகை முழுவதும் அரசுக்கு உரியது. இதில் ஒப்பந்ததாரரின் அறிவு எதுவும் பங்களிக்கவில்லை.

மூன்றாவது, கருத்துச் சேமிப்பு. ஒப்பந்ததாரர் முன்வைக்கும் மாற்று வடிவமைப்பு, மாற்றுப் பொருள் அல்லது மாற்றுச் செய்முறையால், பணியின் நோக்கம் கெடாமல் செலவு குறைவது. பங்கிடத்தக்கது இதுவொன்றே.

நான்காவது, போலிச் சேமிப்பு. சிமெண்டைக் குறைத்தல், பூச்சின் கனத்தைக் குறைத்தல் போன்றவை. இது முறைகேடு. பங்குக்கு உரியதன்று, நடவடிக்கைக்கு உரியது.

களத்தில் இவை கலந்தே தோன்றும். அளவுச் சேமிப்பைக் கருத்துச் சேமிப்பாகக் காட்டிப் பங்கு கோருவதும், போலிச் சேமிப்பைத் திறமைச் சேமிப்பாகக் காட்டுவதும் நிகழக்கூடும். எனவே பங்கிடும் விதி எழுதுவோர் மூன்றாம் வகையின் எல்லையைத் துல்லியமாக வரையறுத்தல் முதற்கடமையாகும்.

உலக நடைமுறை

கருத்துச் சேமிப்பை ஒழுங்குபடுத்தும் துறை 'மதிப்புப் பொறியியல்' எனப்படும். இதன் தொடக்கம் 1940களில் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் லாரன்ஸ் மைல்ஸ் மேற்கொண்ட முயற்சிகள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஒரு பொருள் கிடைக்காதபோது, 'அப்பொருள் செய்துவந்த வேலை என்ன. அவ்வேலையை வேறெது செய்யும்' என்ற வினாவே அவருடைய அணுகுமுறையின் மையம்.

அமெரிக்கக் கூட்டரசின் கொள்முதல் விதித்தொகுப்பில் இது ஒப்பந்த விதியாகவே இடம்பெற்றுள்ளது. நிலைவிலைக் கட்டுமான ஒப்பந்தங்களில், அரசுக்கு ஏற்படும் செலவுகளைக் கழித்தபின் எஞ்சும் சேமிப்பில் 45 விழுக்காடு அரசுக்கும் 55 விழுக்காடு ஒப்பந்ததாரருக்கும் சேரும். செலவீட்டு ஒப்பந்தங்களில் அரசின் பங்கு 75 விழுக்காடு. இவ்வேறுபாட்டிற்கு நியாயம் உண்டு. செலவீட்டு ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரர் ஏற்கும் இடர் குறைவு. ஆகவே பங்கும் குறைவு. இவற்றுடன், கட்டடம் பயன்பாட்டுக்கு வந்தபின் பராமரிப்பில் கிட்டும் சேமிப்பிலும் ஓராண்டுச் சராசரியில் 20 விழுக்காடு ஒப்பந்ததாரருக்கு உண்டு.

பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் 1999இல் வெளியிட்ட கட்டுமான ஒப்பந்த நிபந்தனைகளின் 13.2ஆம் பிரிவு மேலும் நுட்பமானது. ஒப்பந்த மதிப்பில் ஏற்படும் குறைவு ஒருபுறம். தரம், ஆயுள், இயக்கத்திறன் ஆகியவற்றில் பணிக்கு உரியவருக்கு ஏற்படும் மதிப்பிழப்பு மறுபுறம். இவ்விரண்டின் வேறுபாட்டில் பாதி ஒப்பந்ததாரரின் ஊதியம். மதிப்பிழப்பு மிகுதியாயின் ஊதியம் இல்லை. உலக வங்கியின் 2016ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறைகளைத் தழுவிய பெரும்பணி மாதிரி ஆவணங்களும் மதிப்புப் பொறியியலுக்கு இடமளித்து, பங்கின் விழுக்காட்டை ஒப்பந்தத்திலேயே குறிப்பிடச் செய்கின்றன.

பிரித்தானியாவில் 1993 முதல் வழங்கும் என்.இ.சி. ஒப்பந்த வரிசையின் இலக்குச் செலவு வகை வேறொரு பாதை. அங்கே சேமிப்பு மட்டுமன்றி மிகைச்செலவும் பங்கிடப்படுகிறது. இலக்கிற்குக் கீழே முடித்தால் இருவருக்கும் இலாபம். மேலே சென்றால் இருவருக்கும் சுமை. இம்முறைக்கு ஒப்பந்ததாரரின் கணக்கேடுகள் முழுவதும் அரசின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். சிறு, நடுத்தர ஒப்பந்ததாரர்கள் மேற்கொள்ளும் வாய்க்கால் பணிகளில் அத்தகைய கணக்கியல் கட்டமைப்பை எதிர்பார்த்தல் அரிது. ஆகவே நம் களத்திற்கு ஃபிடிக் வழி நெருக்கமானது.

கணக்கீடு: ஓர் எடுத்துக்காட்டு

முன்னர்க் கொண்ட 2 கோடி ரூபாய் வாய்க்கால் பணியையே தொடர்வோம். இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. கல் கட்டுமானத்திற்குப் பதிலாக மெல்லிய கான்கிரீட் பூச்சு என்னும் மாற்றுக் கருத்தால் ஒப்பந்த மதிப்பு 30 இலட்சம் குறைகிறது. ஆனால் மாற்றுப் பூச்சு விரைவில் பழுதுபார்ப்பைக் கோரும் எனவும், அதனால் வரும் மதிப்பிழப்பு இன்றைய மதிப்பில் 10 இலட்சம் எனவும் கொள்வோம்.

வெறும் பாதிப் பங்கு முறையில் ஒப்பந்ததாரருக்கு 15 இலட்சம் கிட்டும். அரசு 15 இலட்சம் குறைவாகச் செலவிடுகிறது. 10 இலட்சம் மதிப்பை இழக்கிறது. நிகர நன்மை 5 இலட்சம் மட்டுமே. ஃபிடிக் முறையில் வேறுபாடு 20 இலட்சம். ஒப்பந்ததாரரின் ஊதியம் 10 இலட்சம். அரசு 20 இலட்சம் குறைவாகச் செலவிட்டு 10 இலட்சம் மதிப்பை இழக்கிறது. நிகர நன்மை 10 இலட்சம். உண்மையான நன்மை இருவருக்கும் சமமாகப் பிரிகிறது.

மதிப்பிழப்பு 35 இலட்சம் எனக் கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். வெறும் பாதிப் பங்கு முறையில் ஒப்பந்ததாரர் அப்போதும் 15 இலட்சம் பெறுகிறார். அரசு நிகரமாக 20 இலட்சம் இழக்கிறது. ஃபிடிக் முறையில் ஊதியம் இல்லை. அக்கருத்தை முன்வைக்கவே காரணமில்லை. மதிப்பிழப்பைக் கழிக்காத பங்கீட்டு விதி கெட்ட கருத்துகளுக்கும் பரிசளிக்கும் என்பது இதனால் விளங்கும்.

இழப்பு யாருடையது?

மேற்கண்ட கணக்கீட்டில் 'பணிக்கு உரியவர்' யார் என்னும் வினா எஞ்சுகிறது. அலுவலகக் கட்டடம் எனில் விடை எளிது: கட்டுவிப்பதும் பயன்படுத்துவதும் அரசே. வாய்க்கால் அத்தகையதன்று. கட்டுவிப்பது நீர்வளத் துறை, பயன்படுத்துவது ஆயக்கட்டுதாரர். பூச்சில் வெடிப்பு விழுந்து நீர் கசிந்தால் துறையின் கணக்கேட்டில் எந்த இழப்பும் பதிவாகாது. தலைமடைக்குப் பெரும்பாலும் நீர் வந்துவிடும். கடைமடையில் இரண்டாம் போகத்தின் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நீர் எட்டாமல் போகும். அந்த இழப்பைச் சுமப்பவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். அவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

எனவே மதிப்பிழப்பைத் துறையின் பராமரிப்புச் செலவாக மட்டும் கணிப்பது போதாது. கசிவு, நீர் ஓட்டத்தின் வேகம், கடைமடைக்கு நீர் சென்றடையும் காலம், தூர்வாரும் இடைவெளி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இவை அனைத்தும் அளக்கத்தக்கவை. வாய்க்காலின் இரு புள்ளிகளில் நீரோட்டத்தை அளந்து வேறுபாட்டைக் காண்பது பாசனப் பொறியியலில் பழகிய முறையே. அளக்கத்தக்கதை அளக்காமல் விடுவது, அதன் மதிப்பைச் சுழி என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

குடிமராமத்துத் திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2017இல் தொடங்கிய இத்திட்டத்தின் முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. பாசனதாரர் சங்கங்களே பணியை மேற்கொள்வதும், செலவில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அவர்கள் அளிப்பதும் அதன் அமைப்பு. கொள்கையளவில் இங்கே பணி செய்பவரும் பயன் பெறுபவரும் ஒருவரே. ஆதலால் சேமிப்புக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்கும் உந்துதல் குறைவு. ஒப்பந்ததாரர் மேற்கொள்ளும் பணியில் இவ்விணைப்பு அறுபட்டுள்ளது. அதனை ஓரளவு மீட்டுத்தரும் கருவியாகவே மதிப்பிழப்பைக் கழிக்கும் விதியைக் கருதவேண்டும்.

சட்டத்தில் இதன் இடம்

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000இல் வந்தன. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிட்ட, புறவயமான, அளவிடத்தக்க காரணிகளின்படியும் அவற்றிற்கு அளிக்கப்பட்ட எடைகளின்படியும் உறுதிசெய்யப்பட்ட குறைந்த புள்ளியை ஏற்கவேண்டும் என்பது இச்சட்டத்தின் 10ஆம் பிரிவின் சாரம். நடைமுறையில் இது 'குறைந்த விலை' என்றே பொருள்கொள்ளப்படுகிறது. காரணிகளும் எடைகளும் என்று சட்டம் கூறுவது விலையொன்றையே அன்று என்பது கவனிக்கத்தக்கது.

சேமிப்பைப் பங்கிடுவதை இச்சட்டம் தடுப்பதாகக் கொள்ள இடமில்லை. ஆனால் எப்போது அதற்கு இடமுண்டு என்பதில் தெளிவு வேண்டும். பங்கீட்டு விதி ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இருப்பின், போட்டியிட்ட அனைவரும் அதை அறிந்தே விலை குறித்தனர், சமவாய்ப்பு கெடவில்லை. விதியில்லாத ஒப்பந்தத்தில், பணி நடக்கையில் ஒருவருக்கு மட்டும் பங்கு அளித்தால் அது அரசுப் பணத்திலிருந்து கொடுக்கும் நன்கொடையாகிவிடும். தோற்ற போட்டியாளர், 'இவ்வாய்ப்பு உண்டென அறிந்திருந்தால் நானும் குறைத்துக் கேட்டிருப்பேன்' எனக் கூறினால் அதற்கு விடையிராது.

தணிக்கை பற்றிய அச்சமும் இங்கே செயற்படுகிறது. செய்யாத வேலைக்குப் பணம் கொடுத்ததாகவே தணிக்கையாளர் கண்ணுக்கு இப்பங்கு தோன்றும். விதியின் துணையில்லாத செயற்பொறியாளர் எவரும் இதில் கையெழுத்திடத் தயங்குவது இயல்பு. மைய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007இல் ஒப்பந்தப்புள்ளிக்குப் பிந்தைய பேச்சுவார்த்தைகளை விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தியதன் பின்னணியிலும் இத்தகைய ஐயமே உள்ளது. மைய நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுரைகள், குறிப்பிட்ட வகைப் பணிகளில் தரத்திற்கு 30 விழுக்காடு வரை எடையளிக்க இசைந்தன. குறைந்த விலை ஒன்றே அளவுகோல் என்னும் நிலையிலிருந்து மைய அரசே விலகத் தொடங்கியிருப்பதை இது காட்டுகிறது.

இடர்களும் காப்புகளும்

பங்கீட்டு விதியால் விளையக்கூடிய இடர்கள் மூன்று.

முதலாவது, அடிக்கோட்டுச் சிக்கல். வேண்டுமென்றே மிகையாக வடிவமைத்து, பின்னர் அதைக் குறைத்து, 'சேமிப்பு' எனக் காட்டிப் பங்கிடும் கூட்டுச்சதிக்கு இடமுண்டு. மதிப்பீட்டுத் தொகையை அடிக்கோடாகக் கொண்டால் இது எளிது. எனவே ஒப்பந்தத்தில் ஏற்கப்பட்ட விகிதங்களையும், பணி தொடங்குமுன் இருதரப்பும் கூட்டாக அளந்து உறுதிசெய்த அளவுகளையும் மட்டுமே அடிக்கோடாகக் கொள்ளவேண்டும். வடிவமைத்த அலுவலரும் மாற்றுக் கருத்தை மதிப்பிடும் அலுவலரும் வெவ்வேறானவராதல் வேண்டும். பூண்டியிலுள்ள நீரியல் ஆய்வு நிறுவனம் போன்ற துறைசார் அமைப்புகளும், அரசு பொறியியல் கல்லூரிகளும் இம்மதிப்பீட்டிற்குப் பயன்படும்.

இரண்டாவது, சாய்வு விலை. மாற்றப்படப்போகும் உருப்படிக்கு மிகக் குறைந்த விகிதமும் எஞ்சியிருக்கும் உருப்படிக்கு மிக உயர்ந்த விகிதமும் குறித்துப் போட்டியில் வென்றபின், மாற்றுக் கருத்தின் பெயரால் நட்டம் தரும் உருப்படியை நீக்கிவிடும் உத்தி இது. நீக்கப்படும் உருப்படியை ஒப்பந்த விகிதம், துறையின் விலைவிகிதப் பட்டியல் ஆகிய இரண்டாலும் கணித்து ஒப்பிடுவதும், மாற்றத்தால் புள்ளிகளின் தரவரிசை மாறுமா எனச் சோதிப்பதும் இதற்குக் காப்பு.

மூன்றாவது, காலம். அமெரிக்க விதியில் கருத்தை ஏற்பதா மறுப்பதா என அறிவிக்க 45 நாள் அளிக்கப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வறண்டிருக்கும் காலத்தின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். ஏப்ரலில் முன்வைத்த கருத்துக்கு மே இறுதியில் இசைவு வந்தால், ஜூன் முதல் நாள் நீர் திறப்பதற்குள் பணி முடியாது. அவசரத்தில் போட்ட பூச்சு முதல் நீரிலேயே பெயரும். ஆகவே இங்கே முடிவுக்கான காலம் இரு வாரங்களுக்குள் அடங்கவேண்டும். அதனினும் சிறந்தது, ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து வாய்க்கால் அடைக்கப்படும் நாள் வரையான இடைக்காலத்திலேயே மாற்றுக் கருத்துகளைக் கோரிப் பெறுவது. நீர் ஓடும் மாதங்கள் சிந்தனைக்கும் வறண்ட வாரங்கள் செயலுக்கும் உரியனவாகும்.

பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பாசனப் பணி ஒப்பந்தங்களுக்கான பங்கீட்டு விதியின் கூறுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. விதியும் பங்கின் விழுக்காடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இடம்பெறவேண்டும்.

2. ஒப்பந்ததாரரின் எழுத்துவழிக் கருத்தால் வடிவமைப்போ பொருளோ செய்முறையோ மாறியதால் விளைந்த சேமிப்பு மட்டுமே பங்கிடத்தக்கது; அளவுக் குறைவால் வந்தது முழுவதும் அரசுக்கு உரியது.

3. மாற்றத்தால் வரும் பராமரிப்புச் சுமையும் ஆயக்கட்டின் நீரிழப்பும் கழிக்கப்பட்டபின் எஞ்சும் தொகையே பங்கிடப்படவேண்டும்.

4. மாற்றுக் கருத்தை வடிவமைப்பில் தொடர்பில்லாத பொறியாளர் மதிப்பிட்டு, குறித்த நாளுக்குள் காரணத்துடன் எழுத்தில் முடிவறிவிக்கவேண்டும். முடிவும் தொகையும் பொதுவெளியில் வெளியிடப்படவேண்டும்.

5. ஊதியத்தில் ஒரு பகுதியை இரண்டு பாசனப் பருவங்கள் முடியும்வரை நிறுத்திவைத்து, கடைமடை நீரோட்ட அளவீட்டின்பின் விடுவிக்கவேண்டும். அவ்வளவீட்டின்போது பாசனதாரர் சங்கத்தினர் உடனிருத்தல் நன்று. 2000ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் அத்தகைய சங்கங்களுக்கு ஏற்கெனவே சட்ட இடம் அளித்துள்ளது.

இவற்றுள் ஐந்தாவது கூறே இக்கட்டுரை வற்புறுத்துவது. ஃபிடிக் விதியில் மதிப்பிழப்பு முன்கூட்டியே ஊகித்துக் கணிக்கப்படுகிறது. ஊகம் பிழைபடலாம். வாய்க்கால் பணியிலோ ஊகத்தைச் சரிபார்க்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் நீர் வரும்போது தானே அமைகிறது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுதல் பொருந்தாது.

முடிவுரை

ஒப்பந்ததாரருக்குச் சேமிப்பில் பங்களிப்பது சலுகை அன்று. அவர் களத்தில் பெற்ற அறிவுக்கு அரசு தரும் விலை. அவ்விலையைத் தர மறுக்கும் ஒப்பந்தம் அவ்வறிவை இழக்கிறது. அதே வேளையில் விலை எதன்மீது கணிக்கப்படுகிறது என்பது விலையின் அளவைவிட முதன்மையானது. 45 விழுக்காடா 55 விழுக்காடா என்னும் விவாதத்திற்கு முன், எது சேமிப்பு, யாருடைய இழப்பைக் கழித்தபின் அது சேமிப்பாகிறது என்னும் வினாக்களுக்கு விடை காணவேண்டும்.

மிகைச்செலவைத் தாமே சுமந்தவராகக் கருதும் ஒருவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் இன்றும் பொங்கல் வைக்கின்றனர். பொதுப்பணியின் இலாபநட்டத்தைத் தம் வயலோடு இணைத்துப் பார்க்கும் மரபு அவர்களுடையது. ஒப்பந்தக் கணக்கும் அவ்வாறே வயல்வரை நீளுமானால், சேமிப்பில் அரசுக்கு ஒரு பங்கும் ஒப்பந்ததாரருக்கு ஒரு பங்கும் சேரும்போது, கடைமடைக்குச் சேரவேண்டிய நீரும் குறையாதிருக்கும். பிற ஆற்றுப்படுகைகளின் வாய்க்கால் பணிகளிலும் இக்கணக்கீட்டைப் பொருத்திப் பார்ப்பதற்கு மேலாய்வுகள் மேற்கொள்ளப்படலாம்.